சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்

கொய்யாத் தோப்புச் சரிவில் கியரில் போட்டு நிறுத்தியிருந்த பழைய குட்டி டிராக்டர், தானாக உருண்டு நாற்றங்காலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அதன் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்து வந்தார் சூசைமாணிக்கம்.

"எல்லாம் உன்னாலதான். நீ வழுக்கலைன்னா கியரே வண்டியைப் பிடிச்சிருக்கும்," என்றது பிரேக், கிளட்சிடம்.

"பிடிக்கிறது உன் வேலை. கட்டை தேஞ்சதை வெளியே சொன்னியா?" என்றது கிளட்ச்.



சூசைமாணிக்கம் இரண்டையும் கழற்றினார். பிரேக்குக்குப் புதுக் கட்டை, கிளட்சுக்குப் புது பிளேட் போட்டார். அதே சரிவில் நிறுத்திப் பார்த்தார். வண்டி அசையவில்லை. இறங்கி வந்து, வழக்கம்போல் கல்லைத் தூக்கி வைத்தார்.

பிரேக்குக்குச் சுருக்கென்றது. "இப்பதான் நாங்க கெட்டியா பிடிக்கிறோமே, நீ எதுக்கு இன்னும்?"

"அன்னிக்கு நாற்றங்கால்ல களை எடுத்துக்கிட்டிருந்தது அவர் மகள்," என்றது கல்.

"அவதான் துள்ளி ஒதுங்கிட்டாளே! ஒரு கீறல்கூட இல்லையே!" என்றது கிளட்ச்.

"அவளுக்கு இல்லை. என்னைத் தூக்குறப்போ அவர் கை இன்னும் நடுங்குது."