நியூபோரின் வட்டங்கள்

மாலா சொன்ன அந்தக் கதையைப் பல வருஷமாகச் சந்தேகப்படுகிறேன். அதே கதையை அத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் சொல்லியும் வருகிறேன். சந்தேகம் உள்ளே, பெருமை வெளியே.

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு நான் விட்டத்தைப் பார்த்துப் படுத்துக் கிடந்த காலம். எதிர்வீட்டுப் புருஷோத்தமன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பாரீசிலிருந்து வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார்.

"சும்மா கெடக்காத தம்பி, இத செய்."

உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் நியூபோர் என்கிற குட்டி விமானம். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் ஓட்டிய சண்டை விமானம்.

மாலா துணிக்கடை வேலைக்குப் போவாள். நான் பல் குத்தும் குச்சியில் பசை தொட்டு இறக்கை ஒட்டுவேன்.

"இன்னாங்க, கேஸ் தீர்ந்துபோச்சு. சொல்லிட்டு வாங்களேன்."

"இரு, இறக்கை காயுது."

"அது பறந்து போயி சிலிண்டர் எடுத்தாருமா?"

இறக்கையில் ஒட்டவேண்டிய, பிரெஞ்சுக் கொடியின் மூவர்ண வட்ட ஸ்டிக்கர்கள் தண்ணீரில் போட்டதும் பொடிப்பொடியாகிவிட்டன. கையாலேயே வரைய உட்கார்ந்தேன்.

"பெட்டி மூடில படம் இருக்குது பாருங்க" என்றாள் மாலா.

"பாண்டிச்சேரில பொறந்தவனுக்குப் பிரெஞ்சுக் கலரு தெரியாதா? போ."

வரைந்து முடித்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஜன்னலில் காய வைத்தேன்.

"மாலா, இதுவும் சரியா வரலன்னா இந்தக் கை எதுக்கும் ஆகாதுன்னு அர்த்தம். இனிமே என்னை வேலைக்குப் போன்னு சொல்லாத."

சொல்லிவிட்டுக் கனகசெட்டிக்குளத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் திரும்பினால், மாலா வாசலிலேயே நிற்கிறாள்.

"நேத்து எதிர்வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தாருங்க. வயசானவரு. ஜன்னல்ல உங்க ஏரோப்ளேனப் பார்த்துட்டு அப்டியே நின்னுட்டாரு."

"நெசமாவா? அப்புறம்?"

"அந்த வட்டத்தையே தொட்டுத் தொட்டுக் காட்டறாரு. தலைய ஆட்டறாரு, ஆட்டறாரு, அப்டி ஆட்டறாரு. போறப்ப சிரிச்சிக்கினே போனாரு."

"இன்னா சொன்னாரு?"

"எனக்கின்னா பிரெஞ்சா தெரியும்?"

அடுத்த நாள் காலையில் எழுந்து சவரம் செய்தேன். தவளக்குப்பத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறைக்குப் போய், "பிரெஞ்சுக்காரரே பார்த்துத் தலையாட்டின கை சார் இது" என்று நீட்டினேன். முதலாளி ராஜ்கமல் சிரித்துவிட்டு, ஒரு பழைய கார் கதவைக் காட்டினார். அடித்தேன். இன்றைக்கும் அங்கேதான் பிழைப்பு.

சொல்லச் சொல்ல அந்த வெள்ளைக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்துக்கொண்டே இருந்தது. முதலில் வெறும் ரசிகர். பிறகு விமானி. போன பொங்கலுக்குத் தளபதி ஆக்கிவிட்டேன்.

ஆனால், படுத்தால் உறுத்தும். என்னைப் பாயிலிருந்து கிளப்ப மாலா கட்டிவிட்ட கதைதானே இது? வெள்ளைக்காரராவது, வந்ததாவது! புருஷோத்தமனைக் கேட்டிருக்கலாம். அவர் எதிர்வீட்டில் இருந்தவரை கேட்கப் பயந்தேன். அவர் மகளோடு பாரீசுக்கே போன பிறகு, 'அடடா, கேட்காமல் விட்டோமே' என்று வருத்தப்பட்டேன். என் துணிச்சல் அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, குட்டி விமானம் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய போட்டோவைப் போட்டேன். தளபதி கதையையும் சேர்த்துத்தான். நெடுமாறன் என்று ஒருவர் உடனே பதில் போட்டார்.

"சார், பிரெஞ்சு விமானத்துக்கு நடுவுல நீலம், ஓரத்துல சிவப்பு வரணும். நீங்க நடுவுல சிவப்பு அடிச்சிருக்கீங்க. அது இங்கிலீஷ்காரன் வட்டம். நீங்க பாண்டிச்சேரிதானா?"

வந்தது பாருங்கள் கோபம். வேறொரு போட்டோ எடுத்து அவர் மூக்கை உடைக்க, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து விமானத்தை வெளியே எடுத்தேன்.

நடுவில் நீலம். ஓரத்தில் சிவப்பு. அவர் சொன்னபடியே கச்சிதமாக இருந்தது.

போனைப் பார்த்தேன். போட்டோவில் நடுவில் சிவப்பு, ஓரத்தில் நீலம்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்துச் சிவப்பு மட்டும் மினுமினுத்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். அடியிலிருந்து நான் அடித்த நீலம் எட்டிப் பார்த்தது. மேலே இருந்தது பெயிண்டே இல்லை. நெயில் பாலிஷ். நடுவில் இருந்தது என் டப்பாவில் மிச்சமிருந்த நீலம்; சிவப்பு டப்பா காலியாகியிருக்கும்.

தினமும் பெயிண்டில் குளிக்கிறவன் நான். இத்தனை வருஷமாக இதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். இதுகூடத் தெரியவில்லை.

வட்டம் தப்பென்று யாரோ தொட்டுக் காட்டாமல் மாலா இதில் கை வைத்திருக்க மாட்டாள். அப்படியென்றால், அந்த மனுஷர் நிஜமாகவே வந்திருக்கிறார். மாலா ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அடுப்படியில் மாலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த விமானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து மீனைக் கழுவினாள், ஏற்கெனவே கழுவிய மீனை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"மாலா, அந்த வெள்ளைக்காரர் தலைய ஆட்டினாருன்னு சொன்னியே... மேலயும் கீழயுமா ஆட்டினாரு, இல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா?"