கன்னிவாடிச் சிறுத்தை

“ஏங்க, ஈஸ்வரண்ணன் போட்ட வீடியோவப் பாத்தீங்களா? கன்னிவாடி மலையடிவாரத்துல சிறுத்தை நடந்து போகுது. எங்கப்பா பயந்துக்கிட்டுக் கொய்யாத் தோப்புப் பக்கமே போகலையாம். ஊரே ஈஸ்வரண்ணனத்தான் பெருமையாப் பேசுது!”

தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே ரீனா சொன்னதும் பிராங்கிளினுக்கு வயிறு எரிந்தது. இவன் பதினைந்து வருடமாகப் பத்திரிகை நிருபர். ஈஸ்வரன் நேற்று யூடியூப் சேனல் ஆரம்பித்தவன். கட்டிய பெண்டாட்டி வாயிலேயே அவன் புகழா?

“சிறுத்தையாவது, கழுதையாவது! அம்புட்டும் ஏஐ. நிழலப் பாரு, ஒட்டவே இல்ல.”

அதையே வீடியோவுக்குக் கீழே கமெண்டாகவும் போட்டான். ‘பிராங்கிளின் சாரே சொல்லிட்டாரு’ என்று ஊர் அப்படியே திரும்பி ஈஸ்வரனைக் கிழித்தது. மறுநாள் பகல் முழுக்க அந்தத் திட்டுகளைப் படித்துப் படித்து இவனுக்கு மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் வீடு பூட்டிக் கிடந்தது. ரீனாவுக்குப் போன் போட்டான்.

“எங்க இருக்க?”

“எங்கப்பா தோப்புலதான். கொய்யா பறிக்க ஒருத்தரும் வரமாட்டேன்னாக. உங்க கமெண்டக் காட்டி நான்தான் கூட்டியாந்தேன்.”

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே வெளிய வா!”

“எதுக்கு இப்பிடிப் பதறுறீங்க? அது ஏஐன்னு நீங்கதான சொன்னீங்க?”

சிறுத்தை வந்த தகவல் கேட்டு அன்றைக்கு அந்த மலையடிவாரத்துக்கு ஈஸ்வரன் தனியாகப் போகவில்லை. அவன் வீடியோ எடுத்தபோது, செல்போனை எடுக்கக்கூடக் கை வராமல், அவன் முதுகுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றவன் பிராங்கிளின்தான்.