என் மிஷின்ல ஓடுதே!

ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு பென்டிரைவைக் கையில எடுத்தாலே சீனியருக்கு வயிறு எரியும்.

எரியாதா பின்னே? வந்து மூணு மாசம்தான் ஆகுது. அவ எழுதின ப்ரோகிராம் எந்தக் கம்ப்யூட்டர்ல சொருகினாலும் ஓடுது! மேனேஜர் மிஷின், அக்கவுண்ட்ஸ் மேடம் மிஷின், அட, வாசல் செக்யூரிட்டியோட அரதப்பழசு மிஷின்லகூட ஓடுது!

சீனியரோடது? அவர் சீட்டுல மட்டும்தான்.

"என் மிஷின்ல ஓடுதே சார்!"

"அப்போ ப்ரோகிராம் கேட்ட பல் டாக்டரைக் கூட்டிட்டு வந்து உன் மடியில உக்கார வெச்சிடலாமா?"ன்னு மேனேஜர் கேக்க, ஆபீஸே சிரிச்சுது.

அவளும் சிரிச்சா. அது ஒண்ணு போதாதா?

விஷயம் இதுதான். பல் டாக்டர் ஒருத்தருக்கு அப்பாயின்ட்மென்ட் ப்ரோகிராம் வேணும். ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு எழுதியாச்சு. டாக்டர் யாரோடதை எடுக்கறாரோ, அவங்கதான் டீம் லீட். அந்த நாற்காலிக்காக ஆறு வருஷமா தவம் கிடக்கறார் சீனியர்.

டாக்டருக்குப் போட்டுக் காட்டறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளே பக்கத்துல வந்தா.

"அண்ணா, உங்களுது மத்த மிஷின்ல ஏன் நின்னு போகுதுன்னா..."

"மத்த மிஷின்ல வைரஸ் இருக்கு, அதான் நிக்குது. நீ உன் வேலையைப் பாரு தாயே!"

மறுநாள் காலையில மேனேஜர் ரெண்டு பென்டிரைவையும் அவகிட்டயே குடுத்து முன்னாடி அனுப்பிட்டார். சீனியர் பதறியடிச்சுக்கிட்டு கிளினிக்குக்கு ஓடினா, ரிசப்ஷன் கம்ப்யூட்டர் முன்னாடி அவ மட்டும் உக்காந்திருக்கா. இவரைப் பாத்ததும் டக்குனு விண்டோவை மூடிட்டா.

"என்ன பண்றே?"

"சும்மாண்ணா... மிஷின் சரியா இருக்கான்னு பாத்தேன்."

சீனியருக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் ப்ரோகிராம்ல கை வெச்சுட்டா!

டாக்டர் வந்தார், கூடவே மேனேஜரும் ரிசப்ஷன் அம்மாவும். முதல்ல அவளோடது. வழக்கம்போல ஓடுச்சு.

அப்புறம் இவரோடது. க்ளிக் பண்ணினார்.

ஓடுச்சு! பிச்சுக்கிட்டு ஓடுச்சு!

"அட, எந்தப் பல்லுல வலின்னு படமே வருதே! இதையே எடுத்துக்கறேன்"னார் டாக்டர்.

மேனேஜர் கையைக் குலுக்கினார். "நீதான்பா டீம் லீட். இவளையும் உன் டீம்ல போட்டுடறேன். கெட்டிக்காரப் பொண்ணு."

ஜெயிச்ச நேரத்துலயும் அவளுக்கு ஒரு பங்கா? பொறுக்குமா சீனியருக்கு?

"இவ வேணவே வேணாம் சார்! காலையில தனியா உக்காந்து இந்த மிஷினை நோண்டியிருக்கா. என்னுதைக் கவுக்கப் பாத்திருக்கா, பலிக்கல!"

எல்லாரும் அவளையே பாத்தாங்க. அவ தலை குனிஞ்சு நின்னா.

ரிசப்ஷன் அம்மா மவுஸை உருட்டிப் பாத்தாங்க. "ஆமா சார், டி டிரைவ்ல புதுசா ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ள என்னமோ ஃபைல் எல்லாம் காப்பி ஆகியிருக்கு."

"பாத்தீங்களா! அழிங்க அதை!"

"அண்ணா, ப்ளீஸ்... அதை மட்டும் அழிக்க வேணாம்."

"பயம் வந்துடுச்சு பாருங்க சார்! நீங்க அழிங்கம்மா, அடியோட அழிங்க!"

அழிச்சாங்க.

"சரி, சண்டையை விடுங்க. இன்னொரு தடவை ஓட்டுங்க, எங்க நர்ஸும் பாக்கட்டும்"னார் டாக்டர்.

சீனியர் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ஸ்டைலா க்ளிக் பண்ணினார்.

பல்லும் வரல, படமும் வரல. சிவப்பு எழுத்துல ஒரே ஒரு வரி வந்துச்சு.

ரிசப்ஷன் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டுப் படிச்சாங்க.

"டி டிரைவ்ல உங்க பேர் போட்ட ஃபோல்டரைக் காணோமாம் சார். அந்தப் பொண்ணு செஞ்சு வெச்சிருந்துதே... அதைத்தானே இப்போ அழிக்கச் சொன்னீங்க?"