அண்ணனுக்குப் பதிலாக

அண்ணனின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தம்பி கண்ணாடி முன்னால் நின்றான். அட்டையில் இருந்த படம் அண்ணன் மாதிரியும் இல்லை, அவன் மாதிரியும் இல்லை. கல்லூரி அட்டைகளில் அது ஒரு சௌகரியம். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

"சட்டையை உள்ள விட்டுக்கோடா" என்றாள் அம்மா. "அண்ணன் அப்படித்தான் போவான்."

"அண்ணன் எங்கம்மா போறான்? அதான் நான் போறேனே."

"வாயைக் குறை. கடை இப்பத்தான் சூடு பிடிக்குது, அவன் நகர முடியுமா? அதுக்காக கவர்ன்மென்ட் காலேஜை விடச் சொல்றியா? அங்க நுழையறதுக்கு அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கூடப் பிறந்தவன், இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் கடவுள் தம்பிகளைப் படைத்திருக்கிறார் போலும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே கல்லூரிக்கு அவனும் விண்ணப்பித்தவன்தான். மதிப்பெண் போதாது என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அதே வாசலில் காவலாளி அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கிற வழக்கமே அந்தக் கல்லூரியில் கிடையாது.

அண்ணன் சேர்ந்த கையோடு கடையைத் திறந்துவிட்டதால், அவனைச் சரியாகத் தெரிந்தவர்களும் அங்கே யாருமில்லை. தம்பி யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டான். வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அண்ணன் தந்த வரலாற்றுக் குறிப்புகளை வைத்து எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தான். சில நாட்களில் பாடம் கொஞ்சம் புரிகிற மாதிரிகூட இருந்தது.

ஆனால் பயம் மட்டும் விடவில்லை. மாட்டினால் அண்ணன் கல்லூரிக்கு வெளியே, இவன் கம்பிக்கு உள்ளே.

அன்றைக்கு வகுப்பில் பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரே இரைச்சல். திடீரென்று எல்லாச் சத்தமும் அடங்கியது. வாசலில் முதல்வர் நின்றிருந்தார். மாற்றலாகி வந்து சில நாட்களே ஆன புது முதல்வர். பின்னாலேயே அலுவலக உதவியாளர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு போன் வந்தது" என்றார் முதல்வர், சாவகாசமாக. "இந்த வகுப்புல ஆள் மாறாட்டம் நடக்குதாம். வேற ஒருத்தருக்குப் பதிலா ஒரு ஆள் தினமும் வந்துட்டுப் போறாராம். தப்பு பண்ணின ஆளே முன்வந்தா மரியாதையா முடிச்சுக்கலாம். நானாப் பிடிச்சா போலீஸ்தான்."

தம்பியின் கழுத்திலிருந்த அட்டை அம்மிக்கல் மாதிரி கனத்தது. ஓடலாம் என்றால் கதவில் அந்த உதவியாளர். உண்மையைச் சொல்லலாம் என்றால் அம்மாவின் முகம் கண்முன் வந்தது.

முதல்வர் நிதானமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் முகத்தில் பார்வை ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்து, முதல் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பையனிடம் போனது.

"ஏம்ப்பா, உன்னை யாராவது இங்க உட்காரச் சொன்னாங்களா?"

"இல்ல சார். நானாத்தான் உட்கார்ந்தேன்."

"தானா வந்து முதல் பெஞ்சுல உட்கார்ற மாணவனை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்லை. சொல்லு, நீ யாரு?"

ஒல்லிப் பையன் அங்கேயே உடைந்துபோனான். "எங்க அத்தை பையனுக்குப் பதிலா வர்றேன் சார். காலையில எழுப்பினா அவன் எழுந்திருக்க மாட்டான். அத்தைதான், பாவம், கெஞ்சிக் கேட்டாங்க."

"அப்ப வந்தவன் கடைசி பெஞ்சுல போய்த் தூங்க வேண்டியதுதானே? ஏன் முன்னாடி வந்து உட்கார்ந்த?"

"பாடம் கவனிக்கலாம்னு சார்."

"பாருங்கப்பா, எவ்வளவு பெரிய மோசடி" என்றார் முதல்வர். கடைசி பெஞ்சில் யாரோ சிரித்து, இருமலாக்கி மறைத்தார்கள்.

உதவியாளர் ஒல்லிப் பையனை அழைத்துக்கொண்டு போனார். தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், பிடிபட்டது நானில்லையே என்ற நிம்மதி அந்தப் பாவத்தை ஓரமாகத் தள்ளிவிட்டது. இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, கடையை அண்ணன் மூடினாலும் சரி, அம்மா பட்டினி கிடந்தாலும் சரி என்று முடிவெடுத்தான்.

வாசல்வரை போன முதல்வர் நின்றார். திரும்பினார். நேராக அவனிடமே வந்தார்.

அட்டையைக் கையில் எடுத்து, படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"இத்தனை நாளா ஒரு போலி உங்க கண்ணெதிர்லயே உட்கார்ந்து பாடம் கேட்டுட்டுப் போயிருக்கான், அதுகூட உங்களுக்குத் தெரியல. உங்களையெல்லாம் யார் சார் புரொபசர் வேலைக்கு எடுத்தது?"