மேம்பால ஏற்றத்தில் குரல் நின்றது

சைக்கிளில் பின்னால் உட்காரும் பிள்ளை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வர வேண்டும். அது செண்பகவல்லியின் சட்டம். பேச்சு நின்றால் தூங்கிவிட்டாள் என்று பொருள். மேம்பால ஏற்றத்தில், முன்னால் மாட்டிய பிரம்பு நாற்காலியில் சின்னவன் விரல் சூப்பிக்கொண்டிருக்க, சைக்கிள் திடீரென்று இலேசானது. பரவாயில்லையே, காலில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று மகிழ்ந்தாள். அடுத்த நொடியில்தான் உறைத்தது. குரல் இல்லை!

“நிலானி?”

ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். பாவாடையோ முழங்காலோ கையில் படவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றித் திரும்பினாள்.

யு.கே.ஜி. படிக்கும் நிலானி, இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்து, தலை குனிந்து, தம் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஓடுற சைக்கிள்லேர்ந்து இறங்குவியாடி? உன்ன...” செண்பகவல்லி கையை ஓங்கினாள்.

“நீதான் மூச்சு வாங்குனியே.” நிலானி நிமிரவில்லை. “அடிக்கிறதா இருந்தா மேல போய் அடிம்மா. இப்ப நான் கைய விட்டா நீயும் தம்பியும் உருண்டு கீழ போயிடுவீங்க.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல ஹாண்டில்பாருக்குப் போனது.

“விட்டுடாதடி தங்கம்,” என்றாள் செண்பகவல்லி. “கெட்டியாப் பிடிச்சுக்க.”