பக்கத்து நட்சத்திரம்

“இது கிரகமே இல்ல. பட்டியல்லேர்ந்து அடிச்சுடு” என்றாள் திலிலா.

அட்லஸ் மலையில் இருந்த அந்த வானாய்வுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான யூபா பதறிப்போனான்.

“அவசரப்படாதீங்கக்கா. நட்சத்திரத்தோட வெளிச்சம் குறைஞ்சுதே! கிரகம் குறுக்க போனாத்தானே குறையும்?”

“குறைஞ்சது நாம நெனச்ச நட்சத்திரத்தோட வெளிச்சம் இல்லடா. விண்வெளியில சுத்தற தொலைநோக்கிக்கு அதுவும் பக்கத்து நட்சத்திரமும் ஒரே புள்ளியாத் தெரிஞ்சிருக்கு. நம்மளோடது பிரிச்சுக் காட்டுது பாரு. மங்கறது பக்கத்துல இருக்கறது. அது ஒண்ணு இல்ல, ஜோடி நட்சத்திரம். ஒண்ணையொண்ணு மறைச்சுக் கண்ணாமூச்சி ஆடுது.”

“கண்டுபிடிச்சவங்க பாவம்க்கா. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருப்பாங்க. இன்னொரு தடவை பார்த்துட்டு...”

“நாலு தடவை பார்த்தாச்சு. பாவம் பார்த்தா கிரகம் முளைச்சுடுமா? அனுப்பு.”

‘கிரகம் அல்ல’ என்று மனமில்லாமல் பதிந்து அனுப்பினான் யூபா.

சற்று நேரத்தில் திலிலாவின் கைபேசி அடித்தது. அவளுடைய அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அடியே, நீ கண்டுபிடிச்ச கிரகத்துக்காகத் தெரு பூரா ஷெபாக்கியா இனிப்பு கொடுத்துட்டேன்! தேன் மட்டுமே ரெண்டு கிலோ!”

யூபா வாயைப் பிளந்தான்.

“அது கிரகம் இல்லம்மா. பட்டியல்லேர்ந்து அடிச்சாச்சு.”

“எவன் அடிச்சான்? வயித்தெரிச்சல் புடிச்சவன்! பேரைச் சொல்லு, நானே மலையேறி வர்றேன்!”

“நான்தாம்மா அடிச்சேன்” என்றாள் திலிலா. “மிச்சம் ஷெபாக்கியா இருந்தா எடுத்து வை. அடுத்ததுக்கு வேணும்.”