தப்பில்லாத கடிதம்

"இன்னிக்கு ஒங்க பென்சிலுக்கு வேலை இருக்காது சார்" என்று நீல நிற ஏர்மெயில் கடிதத்தை நீட்டினார் தங்கமுத்து. அவர் குரலில் இருந்த தெம்பைக் கேட்டு, அன்னவாசல் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆத்மநாதன் உடனே கை நீட்டி வாங்கவில்லை. ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையானால் சேக் அலாவுதீனின் அந்த டீக்கடை பெஞ்சில்தான் பேப்பர் படிப்பார். லீவு நாளிலும் காதில் சிவப்புப் பென்சில் செருகியிருக்கும்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. பதினொரு தப்பு இருந்துச்சு."

கடையில் சிரித்தார்கள். தங்கமுத்துவுக்குக் காது சுட்டது.

அரிசி மில் முதலாளி தங்கமுத்துவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது. ஒன்றரை வருஷத்துக்கு முன், 1957இல், அவருடைய ஒரே மகன் சேவுகன் இன்ஜினீயரிங் படிக்க இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். வழியனுப்பு விழாவில் மாலை போட்டவர்கள் எல்லாரும் வாழ்த்திப் பேச, ஆத்மநாதன் மட்டும் வேறு மாதிரி பேசினார்.

"லீவு லெட்டரே ஒழுங்கா எழுதத் தெரியாத பய. அங்க போயி வாயத் தொறந்தான்னா வெள்ளக்காரன் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பான்."

தங்கமுத்து அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இனிமே எனக்கு எழுதுற லெட்டரெல்லாம் இங்கிலீசுலயே எழுது. அந்த வாத்தியாரு வாயாலயே படிக்க வைக்கிறேன். ஒரு தப்பும் இல்லன்னு அவரு சொல்ற நாளு வரணும்."

வந்த கடிதம் ஒவ்வொன்றும் அந்தப் பெஞ்சில்தான் படிக்கப்பட்டது. வாத்தியார் முதலில் தப்புகளைச் சுழித்துச் சுழித்துச் சத்தமாக எண்ணுவார். அது முடிந்த பிறகுதான் சேதி.

"'யெஸ்டர்டே ஐ கோ'வாம். நேத்துப் போறேன்னு எழுதியிருக்கான். நேத்து எப்புடிய்யா போவான்?"

முதல் கடிதத்தில் இருபத்தாறு தப்பு. வகுப்பில் வாயே திறப்பதில்லை, திறந்தால் சிரிக்கிறார்கள் என்று சேவுகன் அதில் எழுதியிருந்தான். வாத்தியார் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டினார். தங்கமுத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அவர் மனைவி பொன்னுத்தாய் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஐந்தாவது கடிதத்தில் பதினாறு. தங்கியிருக்கும் வீட்டில் சாயங்காலமெல்லாம் இங்கிலீஷில் பேசிப் பழகுவதாக எழுதியிருந்தான். வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டானாம். ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

"கேள்வி புரிஞ்சிருக்காது" என்றார் வாத்தியார்.

இப்போது வந்திருப்பது ஒன்பதாவது.

"நான் பிரிச்சுப் பாத்துட்டேன் சார். எழுத்தே முத்து முத்தா இருக்கு. இங்கிலீசு வந்துட்டா கையெழுத்தும் தன்னால வந்துரும் போல."

"பாப்போம், பாப்போம்" என்று இளித்துக்கொண்டே கடிதத்தை வாங்கினார் ஆத்மநாதன். காதிலிருந்த பென்சில் கைக்கு வந்தது.

பென்சில் முதல் வரிக்கு மேலே நகர்ந்தது. இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் நின்றது. முகத்தில் இருந்த இளிப்பு போய்விட்டது. கடைசி வரை போனவர், மறுபடி முதலில் இருந்து படித்தார்.

"எத்தன சார்?"

ஆத்மநாதன் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

"எத்தனன்னு கேட்டேன்."

"ஒண்ணும் இல்ல."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"ஒரு தப்பும் இல்லங்க."

தங்கமுத்து எழுந்துவிட்டார். "பாய், எல்லாருக்கும் டீ போடுங்க! ஆளுக்கு ரெண்டு வடை! சாருக்கு மூணா வைங்க, எண்ணிப் பாக்கட்டும்!"

கடை அதிர்ந்தது. ஒன்றரை வருஷமாகத் தங்கமுத்துவைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தன. ஆத்மநாதன் வடையைத் தொடவில்லை. கடிதத்தை மெதுவாக மடித்தார்.

"தங்கமுத்தண்ணே, ஒங்க வீட்டுக்குப் போவமா? சேதிய அங்கன வச்சுப் படிச்சுச் சொல்றேன்."

அவர் இதுவரை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை.

"ஏன் சார், இங்க படிக்க வாய் வரலியா? எம் மகன் இங்கிலீசு ஒங்களுக்கே புரியலியா?"

மறுபடி சிரிப்பு.

"வர்ற வைகாசியில வாரான் சார். வல்லத்திராக்கோட்டையில பொண்ணு பேசி பரிசமும் போட்டாச்சு. கல்யாணப் பத்திரிகைய இங்கிலீசுல அவன்தான் எழுதப்போறான். பென்சிலக் கொண்டாந்து தப்புப் பாருங்க."

"அண்ணே, சொன்னாக் கேளுங்க. அண்ணியும் கூட இருக்கட்டும். வீட்டுல வச்சுச் சொல்றேன்."

"முடியாது. இங்க வச்சுத்தான சிரிச்சீங்க? இங்கயே சொல்லுங்க." தங்கமுத்து வாத்தியாரின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இந்த லெட்டர எழுதுன ஆளுக்கு இங்கிலீசு தெரியுமா, தெரியாதா? அத ஒங்க வாயால சொல்லிட்டு எங்கிட்டு வேணும்னாலும் போங்க."

ஆத்மநாதன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கடிதத்தைத் தங்கமுத்துவின் சட்டைப்பையில் வைத்தார்.

"நல்லாவே தெரியும்" என்றார். "ஆனா எழுதுனது சேவுகன் இல்லண்ணே... ஒங்க வெள்ளக்கார மருமக."